படகில் எக்கோ சவுண்டர் பொருத்துதல்

கடலோர ஊராட்சிகளில் பைபர் படகு வைத்திருப்போர் பலர் எக்கோ சவுண்டர் என்னும் கருவியை வாங்கத் தொடங்கியுள்ளனர். படகின் கீழ் எத்தனை பாகம் தண்ணீர் உள்ளது, தரை சேறா பாரா, இடையில் மீன் கூட்டம் உண்டா என்பவற்றை இக்கருவி திரையில் வரைந்து காட்டுகிறது. நகையை அடகு வைத்து வாங்கிய கருவி மூன்று மாதத்தில் ஊமையாகிவிட்டது என்று நம்மிடம் முறையிடுவோரும் உளர். அத்தகைய படகுகள் சிலவற்றில் ஏறிப் பார்த்தோம். கருவி பெரும்பாலும் நல்ல நிலையிலேயே இருந்தது. பொருத்திய முறையும் கம்பி இணைப்புமே கெட்டிருந்தன. ஆதலின் அவ்விரண்டைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். கிணற்று மோட்டாருக்கு இணைப்புக் கொடுத்துப் பழகிய உழவர்களுக்கும் இதில் பல செய்திகள் விளங்கும். மோட்டார் பழுது பார்க்கும் இளைஞர் ஊரில் இருப்பின், இவ்வேலையை அவரே கற்றுச் செய்யலாம்.

இக்கருவி புதியதன்று. உலகப்போருக்குப் பின், 1948-இல், ஜப்பானின் நாகசாகிப் பகுதியைச் சேர்ந்த புருனோ சகோதரர்கள் இதனை மீனவர் கைக்கு ஏற்ற விற்பனைப் பொருளாக்கினர். டிரான்ஸ்டியூசர் எனப்படும் உள்ளங்கையளவு உறுப்பு தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, திரும்பும் எதிரொலியை வாங்குகிறது. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். 10 பாகத் தண்ணீரில், அதாவது சுமார் 18 மீட்டர் ஆழத்தில், எதிரொலி திரும்ப நொடியில் நாற்பதில் ஒரு பங்கு நேரமே ஆகும். அந்த நேரத்தைக் கொண்டு கருவி ஆழத்தைக் கணக்கிடுகிறது. மீனின் வயிற்றிலுள்ள காற்றுப்பை ஒலியை நன்கு திருப்பி அனுப்பும். வஞ்சிரத்திற்குக் காற்றுப்பை இல்லை. ஆகவே அதன் எதிரொலி மெலிந்தே வரும். திரையில் தெரியவில்லை என்பதால் வஞ்சிரம் இல்லை என்று முடிவு கட்டலாகாது.

ஒலிக்குப் பெரும்பகை காற்று. டிரான்ஸ்டியூசரின் முகத்திற்கும் தண்ணீருக்கும் இடையே காற்றுக் குமிழி புகுந்தால் திரை வெறுமையாகும். இதை மனத்திற்கொண்டே இடத்தைத் தேர வேண்டும். படகின் பின்பக்கத்தில் பொருத்துவதானால் புரொப்பெல்லரிலிருந்து ஒன்றரை அடியேனும் விலகியிருத்தல் வேண்டும். அது கிளப்பும் நுரை அவ்விடத்தை எட்டலாகாது. உறுப்பின் முகம் படகின் அடிமட்டத்திற்குச் சற்றுக் கீழே, கடல்தரையை நேராக நோக்கியிருக்க வேண்டும். நீண்ட தண்டுள்ள டீசல் எஞ்சினில் தண்டு பக்கவாட்டில் திரும்பும். அது திரும்பும் எல்லைக்கு அப்பால் இடம் பார்க்க வேண்டும். திருகாணிக்குத் துளையிட்டால் அத்துளையைக் கடலுக்கேற்ற பசையால் அடைத்த பின்னரே திருகுதல் நன்று.

கருவியுடன் வரும் விளக்கத்தாளில் இவையெல்லாம் உள்ளன. அத்தாளில் நாம் காணாத ஒன்று, நம் மணற்கரை. துறைமுகத்தில் மிதந்து நிற்கும் படகுக்கு அத்தாள் பொருந்தும். நம் ஊர்களில் பல படகுகள் அலையைக் கடந்து வந்து மணலில் ஏறுகின்றன. சில இடங்களில் டிராக்டர் கொண்டும் இழுக்கப்படுகின்றன. பின்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்பு முதல் வாரத்திலேயே ஒடிந்து போவது இதனால்தான். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, குழாயின் முனையில் உறுப்பைக் கட்டி, குழாயைப் படகின் விளிம்பில் கிளாம்ப் இட்டு நிறுத்துதல். கரை நெருங்கும்போது குழாயைத் தூக்கிவிடலாம். தூக்க மறந்தால் ஒடியும் என்பது மெய்யே. மற்றொன்று, உறுப்பைப் படகின் உட்புறத்தில், அடித்தளத்தின் மேல் எப்பாக்சி பசையால் ஒட்டிவிடுதல். ஒலி பைபரை ஊடுருவிச் செல்லும். வலிமை சிறிது குறையுமேயன்றி நம் கரையோர ஆழத்திற்கு அது பெரிய குறையன்று. கயாக் என்னும் ஒற்றையாள் துடுப்போடத்தில் மீன் பிடிக்கும் அமெரிக்கர் பலரும் இவ்விரண்டாம் வழியையே கையாளுகின்றனர். மணற்கரைப் படகுக்கு நாமும் இதையே பரிந்துரைப்போம்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. ஒட்டும் இடம் திண்ணிய பைபராக இருத்தல் வேண்டும். உள்ளே மரப்பலகையோ நுரைப்பொருளோ வைத்துக் கட்டிய இடத்தில் ஒலி செல்லாது. பலகை வள்ளத்தில் இம்முறை பயன்படாது. ஆகவே ஒட்டுமுன் சோதித்தல் அவசியம். படகு மிதக்கும்போது அவ்விடத்தில் சிறிது தண்ணீர் ஊற்றி, அதில் உறுப்பை அமிழ வைத்து, திரையில் ஆழம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்த பின்னரே பசை. பசையில் ஒரு குமிழியும் நில்லாதவாறு அழுத்தித் திருகி ஒட்ட வேண்டும்.

இனிக் கம்பி இணைப்பு. கருவி 12 வோல்ட் பேட்டரியில் இயங்கும். சிறிய கருவி அரை ஆம்பியர் அளவே இழுக்கும். 7 ஆம்பியர்-மணி கொண்ட மூடிய ஈயப் பேட்டரி கணக்கின்படி 14 மணி நேரம் தரும்; ஆனால் அதைப் பாதிக்கு மேல் வடித்தால் விரைவில் கெடும். ஆகவே 7 மணி நேரம் என்றே கொள்க. இரவு முழுவதும் கடலில் இருப்போர் பெரிய பேட்டரி வாங்குவதே சிக்கனம்.

12 வோல்ட்தானே, என்ன செய்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். வீட்டு மின்சாரம்போல் அது ஆளைத் தாக்காது, தீயை மூட்டும். நாம் கண்ட படகொன்றில் பியூஸ் இன்றிப் பேட்டரியிலிருந்து நேரே கம்பி இழுத்திருந்தனர். வலைக்கயிறு உரசி உறை தேய்ந்து, இரு கம்பிகளும் ஒட்டிக்கொண்டன. கருவிக்கு அரை ஆம்பியர் கொடுக்கும் பேட்டரி அந்நேரத்தில் பல பத்து ஆம்பியரைக் கொட்டிவிட்டது. கம்பி முழு நீளமும் உருகிக் கிடந்தது. மண்ணெண்ணெய்க் கேன் அங்கிருந்து இரண்டு முழத்தில் இருந்தது. படகில் நால்வர் இருந்தனர். கரை 6 கிலோமீட்டருக்கு அப்பால். தண்ணீரில் நனைத்த சாக்கைப் போட்டு அணைத்ததாகச் சொன்னார்கள். சில ரூபாய் பெறும் பியூஸ் ஒன்று அங்கு இருந்திருக்க வேண்டும். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்திற்குள், கருவிக்கென்று குறிப்பிட்ட அளவில், பெரும்பாலும் 3 ஆம்பியர், பியூஸ் வைத்தல் வேண்டும். எரிந்த பியூசுக்குப் பதில் கம்பித்துண்டு சுற்றும் பழக்கம் வயல் மோட்டாரிலும் தவறு, படகில் பெருந்தவறு.

கம்பியின் தடிமனையும் கவனிக்க. பேட்டரிக்கும் கருவிக்கும் 10 மீட்டர் தூரமிருந்து, 1 ஆம்பியர் ஓடினால், 0.75 சதுர மில்லிமீட்டர் செப்புக்கம்பியில் போகவர ஏறத்தாழ அரை வோல்ட் இழப்பாகும், 2.5 சதுர மில்லிமீட்டரில் இழப்பு ஏழில் ஒரு பங்கு வோல்ட்தான். ஈயம் பூசிய செப்பிழைக் கம்பி கிடைத்தால் அதையே வாங்குக. உப்புக்காற்றில் வெறும் செம்பு பச்சை பூத்துவிடும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளே நாம் பார்த்த பழுதுகளில் மிகுதி. முனைகளை நசுக்கு இணைப்பான் கொண்டு நெருக்கி, மேலே சூட்டில் சுருங்கும் பசைக்குழாய் போட்டு மூடினால் உப்பு நுழையாது. டிரான்ஸ்டியூசரின் கம்பியை எக்காரணம் கொண்டும் வெட்டலாகாது. மீதியைச் சுருட்டிக் கட்டிவைக்கலாம். எஞ்சின் கம்பியையும் வயர்லெஸ் கம்பியையும் விட்டு அதை விலக்கிச் செலுத்துக. சேர்ந்து சென்றால் மீனே இல்லாத தண்ணீரில் திரை முழுதும் புள்ளிகள் தோன்றும். அதை மீன் கூட்டமென்று எண்ணி வலையிட்டுத் திரும்பியோரும் உண்டு.

பேட்டரியை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், அலையில் நகராதவாறு கட்டி வைக்க வேண்டும். கரைக்கு வந்தபின் அதைச் சார்ஜ் செய்ய நல்ல இடமின்றி, ஓலைக்கொட்டகையில் தொங்கும் ஒயரில் செருகுகின்றனர். வலை பின்னும் கூடம் உள்ள ஊராட்சிகள் அங்கு ஒரு மேடையும், நில இணைப்புடன் நான்கு பிளக்கும் அமைத்துத் தருதல் பெரிய செலவாகாது. உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதனைப் பேசலாம்.

வேலை முடிந்ததும் கருவியை உடனே நம்பிவிடலாகாது. ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, ஊரறிந்த பார் ஒன்றின் மேல் பாகக் கணக்குப் பார்த்து, திரையில் காணும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். கயிறு இறக்கி ஆழம் சொல்லும் மூத்தோர் இன்னும் எல்லா ஊரிலும் இருக்கின்றனர்; அவர்களில் ஒருவரைப் படகில் அழைத்துச் செல்வது நன்று. திரையிலுள்ள எண் மீட்டரிலா, அடியிலா, பாகத்திலா என்பதையும் அப்போதே சரிபார்த்துக்கொள்ளலாம்.

(கட்டுரையாளர் கடலோர வட்டாரமொன்றின் வளர்ச்சி அலுவலர்)