முதல் வருகை தளத்தின் வழியே, மறுவருகை நம் வழியே
குடும்ப விடுதி நடத்துவோர் அறிய வேண்டிய நேரடி முன்பதிவுக் கணக்கு

சொந்த வீட்டின் சில அறைகளை ஒதுக்கிப் பயணிகளைத் தங்கவைக்கும் தொழில், இன்று நாட்டின் பல பகுதிகளில் குடும்பங்களுக்கு வருவாய் அளிக்கிறது. குடகின் காப்பித் தோட்டங்கள், கேரளத்தின் காயலோரங்கள், இமாச்சலப் பிரதேசத்தின் ஆப்பிள் தோட்டக் கிராமங்கள் எனப் பல இடங்களில் இத்தகைய விடுதிகளைக் காணலாம். உரிமையாளர் குடும்பம் அவ்வீட்டிலேயே வசிக்க வேண்டும் என்றும், ஒன்று முதல் ஆறு அறைகள் வரை வாடகைக்கு விடலாம் என்றும் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டம் வகுத்துள்ளது.

நான்கு அறை உள்ள வீட்டில் தேவை பெருகினாலும் ஐந்தாவது அறையை உடனே எழுப்ப இயலாது. ஆகவே, எத்தனை பேர் வந்தனர் என்பதைவிட, ஒவ்வோர் இரவுக்கும் கையில் எஞ்சியது எவ்வளவு என்பதே இத்தொழிலின் நிலையைக் காட்டும். அவ்வாறு எஞ்சும் தொகையைப் பெரிதும் தீர்மானிப்பது, விருந்தினர் எந்த வழியில் முன்பதிவு செய்தார் என்பதாகும்.

ஓர் இரவின் கணக்கு

மடிக்கேரிக்கு அருகே நான்கு அறைகள் கொண்ட குடும்ப விடுதி ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். காலை உணவுடன் அறைக் கட்டணம் 3,000 ரூபாய். நான்கு அறைகளும் சேர்ந்து ஆண்டுக்கு 600 இரவுகள் நிரம்புகின்றன எனில், ஆண்டு வரவு 18 லட்சம் ரூபாய்.

இணைய முன்பதிவுத் தளம் 18 சதவீதம் கமிஷன் பெறுவதாகக் கொள்வோம். அது ஓர் இரவுக்கு 540 ரூபாய். அந்தக் கமிஷன் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. 97 ரூபாய் 20 காசு. இரண்டும் சேர்ந்து 637 ரூபாய் 20 காசு. சலவை, உணவு, மின்சாரம், துப்புரவு ஆகியவற்றுக்கு ஓர் அறைக்கு 900 ரூபாய் செலவாகிறது என்றால், நேரடி முன்பதிவில் எஞ்சுவது 2,100 ரூபாய். தளத்தின் வழியே எஞ்சுவது ஏறத்தாழ 1,463 ரூபாய். பணியாளர் ஊதியம், பழுதுபார்ப்பு, கடன் தவணை அனைத்தையும் இந்தத் தொகையிலிருந்தே கொடுக்க வேண்டும்.

600 இரவுகளும் தளத்தின் வழியே நிரம்பினால், ஆண்டுக்குச் செல்லும் தொகை 3,82,320 ரூபாய். அவற்றுள் மூன்றில் ஒரு பங்கான 200 இரவுகளை நேரடி முன்பதிவாக மாற்றினால், மீளும் தொகை 1,27,440 ரூபாய். பத்து லட்சம் ரூபாய்க் கடனை 10 சதவீத வட்டியில் ஏழு ஆண்டுகளில் அடைப்பவருக்கு மாதத் தவணை ஏறத்தாழ 16,600 ரூபாய். அதாவது, மீளும் தொகை ஏழு மாதத் தவணைக்கும் மேல். அறை எண்ணிக்கையும் கட்டணமும் மாறாமலேயே இது நிகழ்கிறது.

வரியில் உள்ள வேறுபாடு

விருந்தினரின் பக்கத்திலும் ஒரு கணக்கு உண்டு. சேவைத் தொழிலில் ஆண்டு மொத்த வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவர் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டியதில்லை. மணிப்பூர், மிசோரம், நாகாலாந்து, திரிபுரா ஆகிய மாநிலங்களில் இவ்வரம்பு 10 லட்சம். பதிவு செய்யாத விடுதி, நேரடியாக வரும் விருந்தினரிடம் ஜி.எஸ்.டி. வசூலிப்பதில்லை. அதே அறையைத் தளத்தின் வழியே பதிவு செய்தால், அந்த வரியைச் செலுத்தும் பொறுப்பு தளத்தைச் சேர்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு இவ்வரி 5 சதவீதம்.

ஆகவே, மேற்கண்ட விடுதியில் தளத்தின் வழியே வருபவர் 3,150 ரூபாய் செலுத்துகிறார். நேரடியாக வருபவர் 3,000 ரூபாய் செலுத்துகிறார். விருந்தினருக்கும் ஆதாயம், விடுதிக்கும் ஆதாயம். எனினும் 20 லட்சம் என்ற வரம்பில், அதே நிரந்தரக் கணக்கு எண்ணில் நடைபெறும் பிற வியாபாரங்களின் வரவும் சேரும். வரம்பைத் தாண்டியவர் பதிவு செய்து, நேரடி விருந்தினரிடமும் வரி பெற்றுச் செலுத்தியாக வேண்டும்.

தளம் வருமான வரியாகப் பிடித்தம் செய்யும் 0.1 சதவீதம் இழப்பு அன்று. கணக்குத் தாக்கலின்போது அதைச் சரிக்கட்டிக் கொள்ளலாம்.

எந்த இரவுக்குக் கமிஷன் தகும்?

இக்கணக்கைக் கண்டு தளங்களிலிருந்து முற்றிலும் விலகுவது அறிவுடைமை ஆகாது. பெயரே அறியாத ஒரு வீட்டை தில்லியிலோ புனேயிலோ இருப்பவர் கண்டறியச் செய்வது தளமே. பிற விருந்தினர் எழுதிய கருத்துகளைக் காட்டி, அறிமுகமற்றவருக்கு நம்பிக்கை அளிப்பதும் அதுவே. இவற்றுக்கு ஒரு விலை உண்டு. அந்த விலை எப்போது தகும் என்பதே ஆராய வேண்டியது.

குடகில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கனமழைக் காலம். ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமை இரவில் அறை காலியாக இருந்தால் வரவு ஏதுமில்லை; தளம் ஒருவரை அனுப்பினால் 1,463 ரூபாய் எஞ்சும். அந்த இரவில் கமிஷன் செலவு அன்று, வருவாயின் வழி. மாறாக, தசரா விடுமுறையிலும் டிசம்பர் இறுதியிலும் அறைகள் எப்படியும் நிரம்பும். அந்த இரவுகளைத் தளத்தின் வழியே நிரப்பும்போது, தானே வரக்கூடிய விருந்தினருக்காக 637 ரூபாய் கொடுக்கிறோம்.

எனவே ஆண்டின் 365 நாட்களையும் மூன்றாகப் பிரித்து நாட்காட்டியில் குறித்துக்கொள்வது நல்லது: தானே நிரம்பும் நாட்கள், முயன்றால் நிரம்பும் நாட்கள், வெறிச்சோடும் நாட்கள். முதல் வகை நாட்களில் அறைகளை முன்கூட்டியே பழைய விருந்தினருக்கு அறிவித்து நேரடியாக நிரப்பலாம். மூன்றாம் வகை நாட்களைத் தளங்களுக்குத் தாராளமாகத் திறந்துவிடலாம்.

பணத்தினும் பெரியது தொடர்பு

பல தளங்கள் விருந்தினரின் உண்மையான மின்னஞ்சல் முகவரியை விடுதிக்குத் தருவதில்லை. மறைமுக முகவரி ஒன்றையே தருகின்றன. பத்து ஆண்டுகள் விடுதி நடத்திய குடும்பத்திடம், வந்து சென்றோரின் பட்டியல் இல்லாமல் போகலாம். அப்பட்டியல் தளத்தின் சொத்தாகிவிடுகிறது.

இதன் விலை இடர்க்காலத்தில் தெரியும். 2018 ஆகஸ்டில் குடகில் பெருமழையும் நிலச்சரிவும் ஏற்பட்டபோது, சுற்றுலா நின்றுபோனது. இத்தகைய வேளையில் தளத்தின் வழியே வந்த முன்பதிவு, ‘ரத்து’ என்ற ஒற்றைச் செய்தியாக முடிகிறது. நேரடியாகப் பேசிப் பதிவு செய்தவரிடம், “சாலை சீரானதும் வாருங்கள், முன்பணம் அப்படியே இருக்கும்” என்று சொல்ல முடியும். ரத்தாகவிருந்த வரவு ஒத்திவைத்த வரவாக மாறும். தவணை கட்ட வேண்டிய குடும்பத்துக்கு இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரம் பெரிது.

நேரடி முன்பதிவை வளர்க்கும் வழிகள்

முதலாவது, கண்டறியும் வசதி. தளத்தில் ஒரு விடுதியைக் கண்டவர்களில் பலர், அதன் பெயரை இணையத்தில் தனியே தேடிப் பார்ப்பர். அப்போது வரைபடத்தில் சரியான இடமும், தொலைபேசி எண்ணும், அண்மைக்காலப் படங்களும் இருக்க வேண்டும். கட்டணம், வரும் வழி, ரத்து விதிகள் ஆகியவற்றைக் கொண்ட ஒரு பக்க இணையதளம் போதுமானது.

இரண்டாவது, பதிலளிக்கும் ஒழுங்கு. நேரடி முன்பதிவு இலவசமானது அன்று. கமிஷனுக்குப் பதிலாக உழைப்பைக் கேட்கிறது. அழைப்புக்கும் வாட்ஸ்அப் செய்திக்கும் பொறுப்பேற்க வீட்டில் ஒருவர் வேண்டும். ஒரே அறையை இருவருக்கு ஒதுக்கிவிடாதபடி, தளப் பதிவுகளையும் நேரடிப் பதிவுகளையும் ஒரே நாட்குறிப்பில் எழுத வேண்டும்.

மூன்றாவது, நேரடியாக வருவோர்க்கு ஒரு தனிப்பயன். மீளும் 637 ரூபாயில் 200 ரூபாய் அளவுக்கு விருந்தினருக்கே திருப்பி அளிக்கலாம். கட்டணக் குறைப்பாக இருக்க வேண்டியதில்லை. தோட்டத்தைச் சுற்றிக் காட்டுதல், இரவு உணவில் கடம்புட்டும் குழம்பும், புறப்படும் நேரத்தில் இரண்டு மணி நேரச் சலுகை, தோட்டத்து மிளகு ஒரு பொட்டலம் என எதுவாகவும் இருக்கலாம்.

நான்காவது, மறுவருகைக்கான அழைப்பு. விடைபெறும் விருந்தினரிடம் விடுதியின் அட்டையைக் கொடுத்து, செய்தி அனுப்பச் சம்மதமா என்று கேட்டு, சம்மதித்தவரின் எண்ணை மட்டும் பதிந்துகொள்ள வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2023-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமும் சம்மதத்தையே அடிப்படையாகக் கொண்டது. காப்பிப் பூ மலரும் காலம், துலா சங்கராந்தியன்று தலைக்காவிரியில் நடைபெறும் விழா, புத்தரி அறுவடைத் திருநாள் என ஆண்டுக்கு மூன்று செய்திகள் போதும். வாரந்தோறும் அனுப்பினால் சம்மதம் சலிப்பாகிவிடும்.

ஒப்பந்தத்தைப் படியுங்கள்

தளத்தில் காட்டும் விலையைவிடக் குறைவாக வேறெங்கும் அறை தரக்கூடாது என்ற நிபந்தனை சில ஒப்பந்தங்களில் இடம்பெறுவதுண்டு. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம், இரு பெரிய நிறுவனங்கள் மீது அபராதம் விதித்த உத்தரவில், விலையிலும் அறை இருப்பிலும் இத்தகைய கட்டுப்பாடு கூடாது என்று பணித்தது. ஆயினும் தம் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை ஒவ்வொருவரும் தாமே படித்தறிதல் வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யலாகாது. தளத்தின் வழியே பதிவு செய்தவரை, அதை ரத்து செய்துவிட்டு நேரில் பணம் தருமாறு தூண்டுவது ஒப்பந்த மீறலாகும். பட்டியலிலிருந்து நீக்கப்படவும் நேரிடும். முதல் வருகைக்குரிய கமிஷனை மனமுவந்து கொடுத்துவிட்டு, அடுத்த வருகையை நேரடியாகப் பெற முயல்வதே நேர்மையான வழி.

பணப் பரிமாற்றத்தில் எச்சரிக்கை

நேரடி முன்பதிவில் தளம் என்ற இடைநிலைக் காவல் இல்லை. ஆகவே இரு தரப்பும் விழிப்புடன் இருக்க வேண்டும்.

விடுதி நடத்துவோர்: பல அறைகள் வேண்டும் என்று கூறி, முன்பணம் அனுப்புவதாகச் சொல்லி, க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யுமாறு கேட்போரிடம் எச்சரிக்கை தேவை. பணம் பெறுவதற்கு யூபிஐ ரகசிய எண்ணை இட வேண்டியதே இல்லை. வரவை அனுப்பியவர் காட்டும் படத்தை நம்பாமல், தம் வங்கிக் கணக்கில் சரிபார்த்த பின்னரே அறையை உறுதி செய்ய வேண்டும்.

விருந்தினர்: தேடலில் கிடைக்கும் எண் போலியாக இருக்கலாம். பணம் செலுத்துமுன் திரையில் தோன்றும் பெயர் விடுதியின் பெயரோடு ஒத்துள்ளதா எனக் காணுங்கள். முழுத் தொகையையும் முன்பே அனுப்பாமல் ஒரு பகுதியை மட்டும் அனுப்பி, எழுத்துப்பூர்வ உறுதி பெறுங்கள். ஏமாற்றப்பட்டதாக அறிந்தால், தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

வங்கிக் கணக்கும் கடனும்

விடுதியின் பெயரில் தனி நடப்புக் கணக்கு தொடங்குவது பல வகையில் பயன் தரும். பணம் அனுப்புவோரின் திரையில் விடுதியின் பெயரே தோன்றும். வீட்டுச் செலவும் தொழில் செலவும் கலவாது. யூபிஐ வழியே வங்கிக் கணக்கிலிருந்து வரும் தொகைக்கு, 2020 ஜனவரி முதல் வணிகரிடம் கட்டணம் பெறப்படுவதில்லை.

2025-26 மத்திய நிதிநிலை அறிக்கையில் ஹோம்ஸ்டே தொழிலுக்கு முத்ரா கடன் அளிக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. முத்ராவில் சிஷு பிரிவில் 50,000 ரூபாய் வரையும், கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரையும், தருண் பிரிவில் 10 லட்சம் வரையும் கடன் பெறலாம். தருண் கடனைப் பெற்று முறையாக அடைத்தவர்க்கு, தருண் பிளஸ் பிரிவில் 20 லட்சம் வரை வாய்ப்பு உண்டு. கடன் கோரும்போது, சீராக வரவு காட்டும் நடப்புக் கணக்கே தொழிலின் சான்றாக நிற்கும்.

நினைவிற்கொள்ள

• கடந்த ஓராண்டின் முன்பதிவுகளைத் தளம், நேரடி என இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்.
• ஓர் இரவுக்குக் கமிஷனும் அதன் மீதான வரியும் போக எஞ்சுவதைக் கணக்கிடுங்கள்.
• தானே நிரம்பும் நாட்களை நேரடி முன்பதிவுக்கு ஒதுக்குங்கள். வெறிச்சோடும் நாட்களைத் தளத்துக்குத் திறந்துவையுங்கள்.
• சம்மதம் பெற்று விருந்தினர் பட்டியலைப் பேணுங்கள்.
• முன்பணம், ரத்து விதிகளை எழுத்தில் கொடுங்கள்.

முதலாண்டில் பத்தில் ஒரு முன்பதிவு நேரடியாக வந்தாலே நல்ல தொடக்கம். மேற்கண்ட விடுதிக்கு அது 60 இரவுகள். மீளும் தொகை 38,232 ரூபாய். மழைக்காலத்தில் ஒழுகும் ஓட்டைச் சீரமைக்கவோ, இரண்டு மாதத் தவணையை முன்கூட்டியே ஒதுக்கவோ அது உதவும்.