அத்தியும் குளவியும்

“அத்தி பூத்தாற்போல” என்று நாம் சொல்வதுண்டு. வடநாட்டில் அம்மரத்தைக் ‘கூலர்’ என்பர். ‘கூலர் மரத்துப் பூ’ என்றால் இந்தியிலும் காண்பதற்கரிய பொருள் என்றே கருத்து. ஆனால் அத்தி பூக்காத மரமன்று. நாம் காய் என்று எண்ணும் உருண்டைக்குள்ளேதான் அதன் எண்ணற்ற பூக்கள் ஒளிந்திருக்கின்றன.

அங்கே மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பது யார்? சிற்றெறும்பு அளவேயுள்ள ஒரு குளவி! காயின் நுனியிலுள்ள நுண்துளை வழியே பெண் குளவி சிறகொடிய உள்ளே நுழைகிறது; பூக்களுக்கு மகரந்தம் ஊட்டுகிறது; சில பூக்களின் சூலகத்தில் முட்டையிட்டு, அங்கேயே மடிகிறது. முட்டையிட்ட பூ குஞ்சுக்கு உணவாகிறது; மற்றது விதையாகிறது. முதலில் வெளிவரும் சிறகற்ற ஆண்கள் பெண்களுடன் கூடி, வழி துளைத்துக் கொடுத்து இறக்கின்றன. பெண்கள் மகரந்தத்துடன் வேறு மரம் தேடிப் பறக்கின்றன.

இதனை அன்பின் உறவு என்று எண்ணிவிடலாகாது, நண்பர்களே! எல்லாப் பூவிலும் முட்டையிட்டால் குளவிக்கு லாபம். மரத்துக்கோ விதையே இல்லை. மகரந்தம் சுமக்காமல் முட்டை மட்டும் இட்டுச் செல்லும் குளவியை மரம் என் செய்யும்? பனாமா நாட்டு அத்தியினங்களில் செய்த சோதனைகள் 2010-இல் வெளியாயின. குளவிகள் தாமே முனைந்து மகரந்தம் சேர்க்கும் இனங்களில், மகரந்தம் பெறாத காய்களை மரங்கள் பெருமளவு உதிர்த்துவிட்டன. உள்ளிருந்த குஞ்சுகளும் அழிந்தன. தன்னலம் இரண்டு ஒன்றையொன்று கட்டுப்படுத்தியே இவ்வுறவு நிலைக்கிறது.

உலகில் அத்திப் பேரினத்து இனங்கள் ஏறத்தாழ 750. ஆலும் அரசும் இவற்றுள் அடங்கும். பெரும்பாலும் ஒவ்வோர் இனத்துக்கும் தனிக் குளவி உண்டு. 1880-களில் ஸ்மிர்னா அத்தியைக் கலிபோர்னியாவில் நட்டனர். மரம் தழைத்தது, பிஞ்சு உதிர்ந்தது. 1899-இல் அதற்குரிய குளவி அங்கே நிலைபெற்ற பின்னரே நல்ல விளைச்சல் கண்டனர்.

பெண் குளவியின் பறக்கும் வாழ்வு ஓரிரு நாளே. ஒரு மரத்துக் காய்கள் பொதுவாக ஒன்றாகவே முதிர்வதால், அதற்குள் அது வேறொரு மரத்தை அடைந்தாக வேண்டும். ஆகவே சாலையை அகலமாக்க ஆலையும் அத்தியையும் வரிசையாக வெட்டிவிட்டு, நினைவுக்கு ஒன்றை நிறுத்தினால் போதாது. குளவி குறைந்தால் விதை குறையும். வறண்ட காலத்தில் அப்பழங்களை நம்பும் பறவைக்கும் வௌவாலுக்கும் உணவு குறையும். மரத்தைக் காப்பதென்றால் அதன் கூட்டாளியையும் சேர்த்தே காக்க வேண்டும்.