காமராஜர் படிக்கவா செய்தார்?

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள்.

சில மாதங்களுக்கு முன்னே திருச்சுழி ரோட்டோரத்தில் ஒரு கிராமத்துக்கு வீடு சந்திக்கப் போயிருந்தேன். அந்தத் தாயாரின் புருஷன் இறந்து இரண்டு வருஷமாகிறது. சீமைக்கருவேல் வெட்டி மூட்டம் போடுகிற இடத்தில் கூலி வேலை. கையெல்லாம் முள் கீறல். மூத்த பையன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். "இவனை அருப்புக்கோட்டையில தறியில விடப் போறேன் பிரதர். தார் சுத்துனாலும் அரிசிக்கு ஆகும். அட்வான்ஸும் வாங்கிட்டேன்" என்றார்கள். படிப்பு என்னாகும் என்று கேட்டேன். "காமராஜர் படிக்கவா செஞ்சாரு? அவரு முதல் மந்திரி ஆகலையா?" என்று திருப்பிக் கேட்டார்கள். பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

எனக்கு அப்போது சரியான பதில் வாயில் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். யோசேப்பு, தாவீது என்று தூர தேசத்துச் சரித்திரமெல்லாம் நமக்கு மனப்பாடம். பக்கத்து விருதுநகர்க்காரரின் சரித்திரம் நமக்குப் பாதிதான் தெரியும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான் நாம் பேசுகிறோம்.

காமராஜர் பிறந்தது 1903 ஜூலை 15. அப்போது ஊருக்கு விருதுபட்டி என்று பெயர். தகப்பன் குமாரசாமி தேங்காய் வியாபாரி. பையனுக்கு ஆறு வயது ஆகும்போது தகப்பன் இறந்துபோனார். தாயார் சிவகாமி அம்மாள், கைக்குழந்தை பருவம் அப்போதுதான் தாண்டியிருந்த நாகம்மாள் என்ற தங்கை, இவர், மூன்று ஜீவன்கள். அந்த அம்மாள் நகைகளை விற்று, பணத்தை ஒரு வியாபாரியிடம் போட்டு, மாதாமாதம் வருகிற வட்டியில் குடும்பத்தை நடத்தினார்கள். விதவையான ஒரு பெண் யாரிடமும் கையேந்தாமல் இப்படிக் கணக்குப் போட்டு வாழ்ந்தது சாதாரணக் காரியமா, நீங்களே சொல்லுங்கள். ஆனாலும் போதவில்லை. ஆறாம் வகுப்போடு பையனின் படிப்பு நின்றது. மாமன் துணிக்கடையில் வேலைக்கு நின்றார்.

இங்கே கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். அந்தச் சிறுவனுக்குத் தகப்பன் இல்லை, ஆனால் மாமன் இருந்தார். அந்த மாமனுக்கு ஒரு கடை இருந்தது. கடைக்குச் செய்தித்தாள் வந்தது, நாலு பேர் வந்து நாட்டு விஷயம் பேசினார்கள். சாயந்திரமானால் பொதுக்கூட்டம். பையன் அரசியலில் கெட்டுப்போகிறான் என்று பயந்து அவரைத் திருவனந்தபுரத்தில் இன்னொரு மாமனின் மரக்கடைக்கு அனுப்பி வைத்தார்கள். அப்படிக் கவலைப்பட ஆட்கள் இருந்தார்கள்! தறிக் கொட்டகையில் ராத்திரி பத்து மணிக்கு நூல் தூசியில் இருமுகிற பிள்ளைக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? அவரைப் போலப் படிப்பை விட்ட பிள்ளைகள் அந்தக் காலத்தில் லட்சக்கணக்கில் இருந்திருப்பார்கள். அவர்களில் நமக்குத் தெரிந்த பெயர் ஒன்றுதான். மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று நாம் கேட்கிறதே இல்லை.

ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்த 1919-ல் அவருக்குப் பதினாறு வயது. அதற்குப்பின் காங்கிரஸ்தான் வாழ்க்கை. உப்புச் சத்தியாக்கிரகத்தில் 1930-ல் ஜெயிலுக்குப் போனார். எல்லாத் தண்டனைகளையும் கூட்டினால் ஏறக்குறைய 3,000 நாட்கள் என்று சொல்லுவார்கள். பள்ளிக்கூடத்தில் கிடைக்காத படிப்பை அங்கே புஸ்தகங்களில் தேடிக்கொண்டார். நடுவில் 1933-ல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கு என்று ஒன்றில் அவரையும் சேர்த்தார்கள். அவருக்காக வாதாடினவர்களில் ஒருவர் ஜார்ஜ் ஜோசப், மதுரையில் கள்ளர் ஜனங்கள் "ரோசாப்பூ துரை" என்று அன்பாக அழைத்த கிறிஸ்தவ வக்கீல். வழக்கு நிற்கவில்லை. ஆக, இங்கேயும் அவர் தனியாக ஜெயித்துவிடவில்லை. கைகொடுக்க ஆள் இருந்தது.

1954 ஏப்ரலில் முதலமைச்சர் ஆனார். அந்தத் தாயார் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. படிக்காமலே நான் இவ்வளவு உயரம் வந்தேன், நீங்களும் அப்படியே வாருங்கள் என்று அவர் சொல்லியிருக்கலாம் அல்லவா? செய்தது நேர் எதிர். அதற்கு முந்தின வருஷம், கிராமத்துப் பிள்ளைகள் மூன்று மணி நேரம் பள்ளியில் இருந்தால் போதும், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் வந்திருந்தது. ஜனங்கள் அதைக் குலக்கல்வி என்றார்கள். நெசவாளி மகன் தறியிலும், குடியானவன் மகன் கலப்பையிலும் நிற்க வேண்டியதுதான். காமராஜர் வந்த வருஷமே அதை எடுத்துப்போட்டார். மூடிக் கிடந்த பள்ளிகளைத் திறந்தார், இல்லாத ஊர்களில் புதிதாகக் கட்டினார். 1956-ல் மதிய உணவு வந்தது. சர்க்கார் பணம் மட்டும் போதாது என்று ஊர் ஜனங்களிடமும் நெல், பருப்பு, விறகு என்று வாங்கிச் சேர்த்தார்கள். நம்ம கரிசல் காட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், "சோத்துக்காகத்தான் பள்ளிக்கூடம் போனோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுவார்கள்.

1967 தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரிலேயே 1,285 ஓட்டில் தோற்றார். தோற்கடித்தவர் சீனிவாசன் என்ற வாலிபர், மாணவர் தலைவர். ஆறாம் வகுப்போடு நின்றவரை ஒரு மாணவர் தோற்கடித்த இந்தக் காரியத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமும் வருகிறது, ஒரு சந்தோஷமும் வருகிறது.

நம்மில் பலர் சினிமா பார்க்கிறதில்லை. ஆனாலும் இன்னொருவரையும் சொல்லாமல் விட முடியவில்லை. 1977-ல் எம்.ஜி.ஆர். முதலமைச்சரானபோது சட்டசபைக்குப் போனது நம்ம அருப்புக்கோட்டை தொகுதியிலிருந்துதான். கண்டிப் பக்கத்தில் 1917-ல் பிறந்தவர். சிறுபிராயத்திலேயே தகப்பனை இழந்து, கும்பகோணத்துக்கு வந்து, பசிக்குப் பயந்து அண்ணனோடு நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். அவர் 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டத்தை ஆரம்பித்தபோது, சின்ன வயதில் தாம் பட்ட பட்டினியே அதற்குக் காரணம் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஒருவர் படிப்பை இழந்தவர், ஒருவர் பசித்துக் கிடந்தவர். தாங்கள் பட்ட பாட்டைப் பெருமை பேசி, பிள்ளைகளும் அப்படியே படட்டும் என்று இருவருமே சொல்லவில்லை.

இப்போது பள்ளியில் மத்தியானம் மட்டுமல்ல, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை ஆகாரமும் உண்டு. 2022-ல் மதுரையில் தொடங்கினது, 2024-ல் காமராஜர் பிறந்த நாளில் கிராமத்து அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. பதினாலு வயதுக்குள் இருக்கிற பிள்ளையைக் கூலி வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். சட்டம் தெரியாமல் அல்ல, பானை காலியாக இருப்பதால்தான் அனுப்புகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

மறு வாரம் அந்த வீட்டுக்குத் திரும்பப் போனேன். இதையெல்லாம் சொன்னேன். தாயார் பொறுமையாகக் கேட்டார்கள். கடைசியில், "எல்லாம் சரி பிரதர், அட்வான்ஸை யார் திருப்பிக் கொடுக்கிறது?" என்றார்கள். நியாயமான கேள்வி. ஐயாயிரம் ரூபாய். சபையில் நாலைந்து குடும்பத்தார் சேர்ந்து பாதியைக் கொடுத்தோம். தறிக்காரர் மீதிக்கு ஆடி வரைக்கும் தவணை கொடுத்திருக்கிறார். பையன் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறான், கணக்கில் கொஞ்சம் மந்தம், ஓட்டத்தில் முதலாவது வருகிறானாம். மீதி இரண்டாயிரத்து ஐந்நூறு இன்னும் பாக்கி இருக்கிறது.