கடல் கடந்த இல்லறம்: சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் பற்றி ஓர் ஆய்வு
(மூன்றாமாண்டு, இளங்கலை வரலாறு)

முன்னுரை

பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர்பெற்ற நம் காஞ்சியில் குடும்பம் என்பது தறியைச் சுற்றி அமைந்தது. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். ஆகவே மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெசவாளர் ஒருவரால் மட்டும் அதைச் செய்ய இயலாது; ஒரு பக்கக் கரையின் நாடாவைத் தள்ளிக் கொடுக்க அருகில் இன்னொருவர் அமர வேண்டும். மனைவியோ, தம்பியோ, பிள்ளையோ அந்தக் கையாக இருந்தனர். முதியவர்கள் திண்ணையில் அமர்ந்து தார் சுற்றினர். இவ்வாறு குடும்பமே தொழிற்கூடமாகவும், தொழிற்கூடமே குடும்பமாகவும் விளங்கியது.

அத்தகைய வீடுகளிலிருந்து பொறியியல் பயின்ற இளைஞர்கள் இன்று சிங்கப்பூரில் இல்லறம் நடத்துகின்றனர். பாட்டி, தாத்தா, சித்தப்பா, அத்தை என்ற கைகள் இல்லாத இடத்தில் ஒரு குடும்பம் எவ்வாறு நடைபெறுகிறது? அவர் கைகளின் இடத்தை எது நிரப்புகிறது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரலாற்றுப் பின்னணி

சிங்கப்பூருக்கும் தமிழருக்கும் உள்ள தொடர்பு நேற்று முளைத்ததன்று. 1819இல் ராபிள்ஸ் அங்கு வந்தபோது பினாங்கிலிருந்து உடன் வந்தவர் நாராயண பிள்ளை. அவர் முயற்சியால் 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயில் எழுந்தது. நகரத்தார் 1859இல் டேங்க் சாலையில் தெண்டாயுதபாணி கோயிலை நிறுவினர். 1935இல் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். தமிழ் அந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று என்பது நாம் பெருமையோடு அறிந்த செய்தியே.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. தொடக்க காலத்தில் கடல் கடந்தவர்கள் பெரும்பாலும் தனி ஆண்கள். குடும்பம் ஊரில் இருந்தது. பணம் மட்டும் வந்தது. 'ரஜூலா' முதலிய கப்பல்களில் நாட்கணக்கில் பயணம் செய்தவர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் திரும்பினர். மனைவி மக்களோடு செல்லும் படித்த தொழில்முறையாளர் கூட்டம் 1990களிலிருந்து, கணினித் துறையின் வளர்ச்சியோடு பெருகியது. இன்று சென்னையிலிருந்து விமானத்தில் ஏறினால் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூர். தொலைவு சுருங்கிவிட்டது, பிரிவு சுருங்கியதா என்பதே கேள்வி.

யாருக்குக் குடும்பம் உண்டு?

சிங்கப்பூரில் வாழும் அயல்நாட்டார் எல்லாருக்கும் குடும்ப வாழ்க்கை வாய்ப்பதில்லை. இதை முதலில் கூறாமல் மேற்செல்வது நேர்மையாகாது. கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கும் தொழிலாளர்கள் 'வொர்க் பெர்மிட்' என்னும் அனுமதியில் செல்பவர்கள். அவர்கள் மனைவி மக்களை அழைத்துச் செல்லச் சட்டம் இடம் தராது. அவர்கள் தங்கும் விடுதிகளில் நெருக்கடி எத்தகையது என்பதை 2020ஆம் ஆண்டுக் கொரோனாத் தொற்று உலகுக்குக் காட்டிற்று.

உயர் ஊதியம் பெறுவோர் 'எம்ப்ளாய்மென்ட் பாஸ்' பெறுகின்றனர். 2018இல் வகுத்த வரம்பின்படி மாதம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் வெள்ளி பெற்றால்தான் மனைவியையும் பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொள்ளலாம். 12,000 வெள்ளி பெற்றால்தான் பெற்றோரை நீண்ட நாள் தங்க வைக்கலாம். நம் ஊரில் உறவு என்பது பிறப்பால் வருவது. அங்கே அது ஊதியச் சீட்டாலும் அளக்கப்படுகிறது. நூறாண்டுக்கு முன் தனி ஆணாகச் சென்றவரின் வாழ்வைத்தான் இன்றைய தொழிலாளியும் வாழ்கிறார் என்பது சிந்திக்கத்தக்கது.

வீடும் இல்லத்தரசியும்

அந்நாட்டவருள் பத்தில் எட்டுப் பேர் அளவுக்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளில் வாழ்கின்றனர். இக்கழகம் 1960இல் தோன்றியது. ஒரே இனத்தார் ஓரிடத்தில் குவியாதிருக்க 1989 முதல் ஒவ்வொரு கட்டடத்திலும் இன விகிதம் பேணப்படுகிறது. ஆகவே நம்மவர் வீட்டின் ஒரு பக்கம் சீனக் குடும்பம், மறுபக்கம் மலாய்க் குடும்பம் இருப்பது இயல்பு. முருங்கைக்கீரைக்கும் பூச்சரத்துக்கும் தேக்கா சந்தை இருக்கிறது. தீபாவளிக்குப் பொது விடுமுறை உண்டு. தைப்பூசக் காவடி சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலைக்குச் செல்கிறது. வெளித்தோற்றத்தில் குறையொன்றும் இல்லை.

குறை வீட்டினுள் இருக்கிறது. கணவன் மனைவி இருவரும் பணிக்குச் சென்றால் குழந்தையைப் பார்ப்பவர் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தோ பிலிப்பைன்சிலிருந்தோ வந்த பணிப்பெண். அவளும் தன் குழந்தையை ஊரில் விட்டுவிட்டு வந்த தாயாக இருக்கலாம். ஒரு குடும்பம் சேர்ந்திருக்க இன்னொரு குடும்பம் பிரிகிறது.

மனைவி வேலைக்குச் செல்வதும் எளிதன்று. சார்ந்திருப்போர் அனுமதியில் சென்றவர், முன்பு முதலாளியின் இசைவுக் கடிதம் பெற்றுப் பணியாற்றலாம். 2021 மே மாதம் முதல் அவர் தமக்கெனத் தனி வேலை அனுமதி பெறவேண்டும். எனவே இங்கே பட்டம் பெற்று வேலை பார்த்த பெண் அங்கே வீட்டோடு இருக்க நேரலாம். தறியின் மறுபக்கத்தில் அமர்ந்து நாடா தள்ளிய நம் பாட்டிமார்க்கு எழுத்தறிவு இல்லாதிருக்கலாம். ஆனால் சேலையில் பாதி தம் கையால் ஆனது என்று அவர்கள் அறிந்திருந்தனர். கற்ற பெண்ணுக்கு அந்நிறைவு கிட்டாமற் போவது வளர்ச்சியாகுமா?

மொழியின் நிலை

2010ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 3.3 விழுக்காட்டினர், 2020இல் 2.5 விழுக்காட்டினர். அதே காலத்தில் ஆங்கிலம் 32.3இலிருந்து 48.3 ஆக உயர்ந்தது. சீன மாண்டரின் மொழியும் 35.6இலிருந்து 29.9 ஆகக் குறைந்திருப்பதால் இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த இடர் அன்று.

அரசின் மீது பழி சொல்வதற்கில்லை. அங்கே 1966இலேயே உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டாம் மொழி கட்டாயமாயிற்று. தமிழ்நாட்டிலோ பள்ளிகளில் தமிழைக் கட்டாயமாக்கும் சட்டம் 2006இல்தான் வந்தது. தமிழ் வானொலியும் தொலைக்காட்சியும் நாளிதழும் அங்கு உள்ளன. ஆயின் பள்ளி தருவது பாடத் தமிழ். வீடு தரவேண்டியது பேச்சுத் தமிழ். அண்ணனும் தங்கையும் தமக்குள் ஆங்கிலத்தில் சண்டையிடும் வீட்டில் தமிழ் தேர்வுக்குரிய பாடமாகச் சுருங்கிவிடுகிறது.

கண்டதொரு காட்சி

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் அண்டை வீட்டு ஆயாவின் மகன் சிங்கப்பூரில் இருக்கிறார். கைப்பேசியில் காணொளி அழைப்பை இணைத்துக் கொடுப்பது என் பொறுப்பு. அங்கே இரவு 9 மணி, பேரன் உறங்கும் நேரம். இங்கே மாலை 6.30, விளக்கேற்றும் நேரம். "ஆயா, சாப்பிட்டீங்களா?" என்று பேரன் கேட்பான். அதன்பின் அவன் சொல்வதெல்லாம் ஆங்கிலம். "என்னடா சொல்றான் புள்ள?" என்று ஆயா என்னைக் கேட்பார். நான் மொழிபெயர்ப்பேன். சொந்தப் பேரனுக்கும் பாட்டிக்கும் இடையே அண்டை வீட்டான் துபாசியாக நிற்பது எனக்கே கூச்சமாக இருக்கும்.

தாத்தா இருந்தவரை மகன் அனுப்பிய பணத்தில் உதவிக்குக் கூலியாள் வைத்து நெய்தார். ஆள் கிடைக்காத நாட்களில் பணம் இருந்தது, தறி நின்றது. முன்னுரையில் கேட்ட வினாவுக்கு இதுவே ஒருவகையில் விடை. இழந்த கைகளின் இடத்தைப் பணம் நிரப்புகிறது. ஆனால் முழுவதும் நிரப்புவதில்லை. பெற்றோரைப் பேணுவதற்குச் சிங்கப்பூரில் 1995இலும் நம் நாட்டில் 2007இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. இரண்டும் பணம் பெற்றுத் தர வல்லவை. மாலை விளக்கேற்றும்போது அருகில் ஓர் ஆளை நிறுத்த எச்சட்டத்தாலும் இயலாது.

முடிவுரை

மாணவத் தோழர்களே, நம்முள் பலர் நாளை கடல் கடக்கக்கூடும். போவது தவறு என்று கூறுவது இக்கட்டுரையின் கருத்தன்று. தறியில் கூலி போதாத வீட்டில் பிள்ளை வெளியே செல்வது குடும்பத்தைக் காக்கவே. ஆனால் போகுமுன் சிலவற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெற்றோர் வழியாக நிரந்தரவாசம் பெறும் மகன், வயது வந்ததும் இரண்டாண்டு தேசிய சேவை ஆற்ற வேண்டும். அந்நாட்டுக் குடியுரிமை பெற்றால் இந்தியக் குடியுரிமையைத் துறக்க வேண்டும். மனைவியின் படிப்பு என்னவாகும், முதியோரை யார் பார்ப்பார், பிள்ளையோடு எம்மொழியில் பேசுவோம் என்பனவற்றை விமானச் சீட்டு வாங்குமுன் வீட்டில் எல்லாரும் கூடிப் பேசுவது நன்று.

2019இல் அத்தி வரதர் 48 நாட்கள் காட்சி தந்தபோது, ஆகஸ்டில் தேசிய நாளை ஒட்டி வந்த நான்கு நாள் விடுமுறையில் அக்குடும்பம் ஊர் வந்தது. நின்ற கோலத்தில் பெருமாளைக் காண ஏழு வயதுப் பேரன் ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் வரிசையில் நின்றான். "மறுபடியும் எப்போ வரணும்?" என்று தமிழில்தான் கேட்டான். "நாப்பது வருஷம் ஆகும் கண்ணு" என்றார் ஆயா. 2059இல் அவனுக்கு வயது 47. அன்று அவன் தன் பிள்ளையை அழைத்துவந்து அதே வரிசையில் நின்று, இன்னார் கையைப் பிடித்து இங்கே நின்றேன் என்று தமிழில் சொல்வானாயின், கடல் கடந்த இல்லறம் தோற்கவில்லை என்று கொள்ளலாம். அது அவன் பெற்றோர் இன்றிரவு அவனோடு எம்மொழியில் பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.