சுவரும் சுண்ணாம்பும்

நம் கையாற் செய்யும் சிறு வேலைகளால் வீட்டின் கிரயம் உயரும் என்பது மெய்யே. ஆயினும் சுவரின் இயல்பை அறிந்தே கரண்டியைத் தொடல் வேண்டும். இதனை யாம் நஷ்டப்பட்டு அறிந்தோம்.

எமது பழைய வீட்டின் சுவர் செங்கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் ஆயது. அதன் அடிப்பாகம் ஈரித்து உதிரக் கண்டு, சிமெண்டைக் குழைத்து யாமே பூசினோம். இரண்டு மழைக்காலம் சென்றபின் பூச்சு பாளம் பாளமாய் விழுந்தது. செங்கல்லின் முகமும் உடன் பெயர்ந்தது. வீட்டை வாங்க வந்தவர் அவ்விடத்தை விரலாற் தட்டிப் பார்த்தே விலையைக் குறைத்தார்.

காரணம் யாது? நிலத்தினின்று ஏறும் ஈரம் காரையின் நுண்துளைகள் வழியே ஆவியாய் வெளியேறும். சிமெண்டு அவ்வழியை அடைத்துவிடும். உள்ளே தங்கிய ஈரமும் உப்பும் செங்கல்லை அரிக்கும்.

சுண்ணாம்பின் குணம் வேறு. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கரியமிலவாயு நீங்கும். சுட்டதை நீரிலிட்டால் கொதித்து நீறும். அந்நீறு சுவரில் ஏறியபின், காற்றிலுள்ள அதே வாயுவை மீண்டும் உட்கொண்டு கல்லாய் இறுகும். அதற்கு நாட்கள் பல செல்லுமாதலால், தடித்துப் பூசுதல் தவறு. சுவரை நனைத்து, பால்போற் கரைத்ததை மும்முறை மெல்லிதாய் அடித்தல் நலம். நீற்றுங்கால் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாய் நீரில் இடுக. அதன்மேல் நீரை வார்க்கற்க. கண்ணிற் தெறித்தால் பார்வைக்கே கேடு.

சிமெண்டைக் கொத்தியெடுத்து, ஒரு கோடை முழுதும் சுவரை உலரவிட்டுக் காரை பூசினோம். செலவு சொற்பம், கையிற் கொப்புளங்களே மிகுதி. முன்பு வந்தவர் மட்டும் திரும்பி வரவில்லை.