கண்ணாடியைப் பூட்டும் பட்டை

பழைய மோட்டார் கார்களின் முன் கண்ணாடியைச் சுற்றிப் பளபளவென்று ஒரு மெல்லிய பட்டை ஓடுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். அழகுக்காக ஒட்டியது என்றே எண்ணத் தோன்றும். பல கார்களில் அது உண்மையும்கூட. ஆனால் 'மினி' என்ற காரில் அந்தப் பட்டைதான் கண்ணாடியின் பூட்டு!

மினி, இங்கிலாந்தில் 1959 முதல் 2000 வரை உற்பத்தியான சிறிய கார். அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்தது. நீளம் சுமார் 3.05 மீட்டர்தான். இதன் முன் கண்ணாடிக்குத் திருகாணியும் இல்லை, பசையும் இல்லை. ஒரு ரப்பர் சட்டமே அதைத் தாங்குகிறது.

அந்த ரப்பரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஏறத்தாழ ஆங்கில 'எச்' எழுத்துப் போலிருக்கும். கண்ணாடியின் கீழ் விளிம்பை எடுத்துக்கொண்டால், மேல் பள்ளத்தில் கண்ணாடி. கீழ்ப் பள்ளத்தில் காரின் உடல் தகடு. முதலில் ரப்பரைத் தகட்டில் மாட்டி, பிறகு கண்ணாடியை வைத்து, ரப்பரின் உதட்டை மழுங்கிய நெம்புகோலால் சிறிது சிறிதாக அதன்மேல் ஏற்றுவார்கள்.

இங்கே ஒரு சிக்கல். கண்ணாடி உள்ளே போக வேண்டுமானால் உதடு வளைய வேண்டும். வளைந்து உள்ளே விட்ட உதடு, அதே போல் வளைந்து வெளியேயும் விட்டுவிடுமே! இதற்காகத்தான் ரப்பரின் வெளிமுகத்தில் மூன்றாவது பள்ளம் ஒன்று இருக்கிறது. உதடு வளைவதற்கு அது இடம் தருகிறது. கண்ணாடி அமர்ந்ததும் அந்த இடத்தில் பட்டையைத் திணித்துவிட்டால், உதடு இனி எங்கே வளையும்? மரம் பிளப்பவர் அடிக்கும் ஆப்பைப் போல, பட்டை ஒரு பக்கம் ரப்பரைக் கண்ணாடியோடும் மறுபக்கம் தகட்டோடும் அழுத்துகிறது. மழைநீரும் உள்ளே புகாது. புகுந்தால் தொல்லை பெரிது. மினிக்குத் தனிச் சட்டகம் கிடையாது. உடல் தகடே பாரத்தைத் தாங்குகிறது. ரப்பருக்கடியில் தேங்கும் நீர் அந்தத் தகட்டைத் துருவாக அரித்துவிடும்.

பட்டையைப் பொருத்தும் கருவி எளியது. ஒரு கைப்பிடி, அதன் முனையில் கம்பி வளையம், பின்னால் சிறு உருளை. பட்டையை வளையத்தில் கோத்துப் பள்ளத்தில் வைத்து இழுத்தால், வளையம் பள்ளத்தை அந்த இடத்தில் மட்டும் அகட்டும், பட்டை உள்ளே விழும், உருளை அழுத்திவிடும். திருப்புளியால் குத்தி நுழைக்கப் பார்ப்பவர்களும் உண்டு. ரப்பர் கிழிவதுதான் அதில் மிச்சம்.

உராய்வைக் குறைக்கச் சோப்பு நீர் போதும். இறுக்கமான வளையலைக் கழற்ற வீட்டில் என்ன செய்கிறார்கள்? அதே வித்தைதான். எண்ணெய் கூடாதா என்று கேட்பீர்கள். கனிம எண்ணெய் பலவகை ரப்பரை ஊறி உப்பச் செய்யும், உலர்ந்தும் போகாது. சோப்பு நீரோ வேலை முடிந்ததும் உலர்ந்துவிடுகிறது. பிடிப்பும் திரும்பி வந்துவிடுகிறது.

இனிக் கடைசி இணைப்பு. ஒரு சைக்கிள் டியூபிலிருந்து 20 செ.மீ. பட்டை வெட்டி, 22 செ.மீ. வரை இழுத்துவிட்டுப் பாருங்கள், உடனே சுருங்கிவிடும். பிளாஸ்டிக் பட்டையும் சுருங்கும், ஆனால் மெதுவாக. கருவி அதை ஓரளவு இழுத்தபடியே பொருத்துகிறது. 3 மீட்டர் பட்டை 1 சதவீதம் நீண்டிருந்தால்கூட, அது பழைய நிலைக்குத் திரும்பும்போது 3 செ.மீ. இடைவெளி விழும். அன்று கச்சிதமாக வெட்டிய முனைகள் பின்னர் பல்லிளிப்பது இதனால்தான். ஆகவே பட்டையை இழுக்காமல் பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டே போக வேண்டும். முனையைச் சற்று நீளமாக விட்டு, மறுநாள் வெட்டுவது நல்லது.

இக்காலக் கார்களில் முன் கண்ணாடியைப் பாலியூரித்தேன் பசையால் ஒட்டிவிடுகிறார்கள். அதைக் கழற்றக் கம்பியாலோ கத்தியாலோ பசையை அறுக்க வேண்டும். மினியில் பட்டையின் ஒரு முனையைத் தூக்கி இழுத்தால் போதும், பூட்டு திறந்துவிடும்.