பெயரிடுவதற்கு முன்

கல்முனைக் கரையோரத்தில் பூச்சியியல் பயிலத் தொடங்கும் இளம் ஆய்வாளருக்கு,

புதிய இனமொன்றைக் கண்டுவிடும் ஆவல் இளம் ஆய்வாளருக்கு இயல்பானது; எனினும் முன்னோர் பெயரிட்ட இனத்தைப் பிழையின்றி அறியப் பழகியவரே புதியதைப் புதியதென்று சொல்லும் தகுதி பெறுகிறார். நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் தென்னை வளர்ப்போர் நன்கறிந்த கருவண்டு, அதாவது உக்கிய மரக்குற்றியிலும் சாணக் குவியலிலும் குடம்பியாக வளர்ந்து, முதிர்ந்தபின் தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு, இப்பயிற்சிக்கு உகந்த தொடக்கமாகும். 1758 ஆம் ஆண்டில் லின்னேயஸ் விவரித்த இவ்வினம் இன்று ஒரிக்டெஸ் ரைனோசெரஸ் எனப்படுகிறது.

உணர்கொம்பின் நுனி விசிறிபோல் விரிந்து மூடும் தகடுகளாக அமைந்திருப்பது இவ்வண்டு சேர்ந்த ஸ்கரபிடே குடும்பத்தின் அடையாளம். தென்னையின் மற்றொரு பகையான செவ்வண்டு, நீண்ட மூக்கும் மடிந்த உணர்கொம்பும் உடையதாதலால் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. தலைக்கொம்பு ஆண், பெண் இரண்டிலும் உண்டு. சிறிய ஆணின் கொம்பு குறுகியே இருக்குமாதலால், கொம்பின் நீளத்தை மட்டும் நம்புபவர் ஆணைப் பெண்ணென்றோ, ஓரினத்தை ஈரினமென்றோ கருத நேரும். வயிற்றின் இறுதித் தட்டில் செம்பழுப்பு மயிர் அடர்ந்திருப்பது பெண்ணைக் காட்டும். நெருங்கிய இனங்களைப் பிரிக்க ஆணின் இனவுறுப்பைப் பிரித்தெடுத்து நோக்குவதே நம்பத்தக்கது. ஆகவே ஒற்றை வண்டை வைத்து முடிவு கூறாமல், சிறியதும் பெரியதுமாகப் பல மாதிரிகளைச் சேர்த்து, இலங்கையையும் உள்ளடக்கிப் பூச்சியியலாளர் ஆரோ 1910 ஆம் ஆண்டில் வெளியிட்ட தொகுதியோடும் அதற்குப் பிந்திய ஆய்வுகளோடும் ஒப்பிடுதல் வேண்டும்.

ஒப்பீட்டின் பின்னும் பொருந்தாதது உண்மையிலேயே எஞ்சுமாயின், விவரிப்பு தொடங்கலாம். பெயரைத் தாங்கும் ஒற்றை மாதிரியாகிய மூலமாதிரியைக் குறித்து, அது வைக்கப்படும் காப்பகத்தையும் கூறவேண்டுமென்பது சர்வதேச விலங்கியற் பெயரிடல் விதி. சேகரிப்புக்கு உரிய அனுமதி பெறுவதும், இடம், திகதி, சேகரித்தவர், வாழிடம் ஆகியவற்றைச் சிட்டையில் எழுதுவதும், மூலமாதிரியைக் கொழும்பு தேசிய நூதனசாலை போன்ற பொதுக் காப்பகத்தில் ஒப்படைப்பதும், முன்பின் அறியாத ஒருவர் நூறாண்டு கழித்தும் அம்முடிவைச் சோதிக்க வழிசெய்யும்.

இந்நுணுக்கம் ஏட்டளவில் நிற்பதன்று. 1909 ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து சென்ற இறப்பர் நாற்றுகளோடு சமோவாவை அடைந்த இவ்வண்டு, பசிபிக் தீவுகளின் தென்னைகளை அழித்தது. 1960களில் மலேசியாவில் கண்டறியப்பட்ட வைரசு அதனைப் பெரிதும் கட்டுப்படுத்தியது. ஆயினும் 2007 ஆம் ஆண்டில் குவாமில் காணப்பட்ட வண்டுகள், தோற்றத்தில் வேறுபடாமலே அவ்வைரசை எதிர்த்து நின்றன; மரபணு ஆய்வே அவற்றைத் தனிவகையெனக் காட்டியது. கண் காண்பதன் எல்லையை அறிந்து, மரபணு ஆய்வுக்கென மாதிரியின் ஒரு காலையேனும் மதுசாரத்தில் பேணுவது பின்வருவோருக்குச் செய்யும் உதவியாகும்.

சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இயங்கும் இக்காலத்தில், அம்பாறைக் கரையின் வண்டுகளை இம்மண்ணின் பிள்ளைகளே ஆராய்ந்து எழுதுதல் இயலும். எழுதும் ஒவ்வொரு பெயரின் பின்னும் தென்னையை நம்பிய குடும்பங்கள் உள்ளன என்பதை உணர்ந்து, விரைவைக் காட்டிலும் சரியையே இளம் ஆய்வாளர் நாடுவாராக.

நலன் நாடும் மூத்தோர்